நாற்பதை நெருங்கும்போது நாள் தள்ளிப்போனால்: எதை, எப்போது செய்வது

39 வயதில் எனக்கு நாள் தள்ளிப்போனபோது கர்ப்பம் என்ற நினைப்பே வரவில்லை. சரி, மாதவிடாய் நிற்கிற காலம் வந்துவிட்டது போல, அம்மாவுக்கும் சீக்கிரமே நின்றதாகச் சொல்வார்களே என்று ஒரு மாதத்தை ஓட்டிவிட்டேன். அப்புறம் ஒருநாள் காலையில் ரசத்துக்குத் தாளிக்கிற வாசனைக்கே குமட்டிக்கொண்டு வர, மருந்துக்கடையில் கார்டு வாங்கிப் பார்த்தால் இரண்டு கோடு. ஸ்கேனில் ஒன்பது வாரம் என்றார்கள். அன்று சாயங்காலமே மாமியார் உத்தரவு போட்டுவிட்டார்: "மூணு மாசம் முடியிற வரைக்கும் வெளியில மூச்சு விடாதே."

இந்த மூன்று மாத ரகசியத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். கண் பட்டுவிடும், கலைந்துபோனால் ஊருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்கிற பயம் புரிகிறது. 35-க்கு மேல் கரு கலைகிற வாய்ப்பு கூடுதல்தான், அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. சொந்தக்காரர்களுக்குச் சொல்லாதீர்கள், தெருவுக்குச் சொல்லாதீர்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் அந்த ரகசியத்தை ஆஸ்பத்திரியிடமும் காப்பாற்றி, "மூணு மாசம் முடிஞ்சப்புறம் காட்டிக்கலாம்" என்று உட்கார்ந்துவிடுகிறவர்கள் ஏராளம். வயது கூடிய கர்ப்பத்தில் முக்கியமான சில பரிசோதனைகளும் ஒரு மாத்திரையும் சரியாக அந்த மூன்றாம் மாதத்தை ஒட்டித்தான் வருகின்றன. அந்த வாரங்கள் போனால் போனதுதான். மூத்த பெண் பிளஸ் டூ படிக்கிறாள், இப்போது போய் இப்படியா என்று கூச்சப்பட்டு, ஐந்தாம் மாதம் வரை துப்பட்டாவை விரித்துப் போட்டுக்கொண்டே நடமாடிய ஒருவரை எனக்குத் தெரியும். முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவருடைய பிரஷர் 150-ஐத் தாண்டியிருந்தது.

இன்னும் யோசனையில் இருப்பவர்களுக்கு

இப்போதுதான் திட்டம் போடுகிறீர்கள் என்றால் நல்ல நேரத்தில் படிக்கிறீர்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கர்ப்பம் ஆவதற்கு ஒரு மாதமாவது முன்பே தொடங்க வேண்டும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற வேலை, பல பேருக்கு நாள் தள்ளிப்போனதே உறைக்காத அந்த முதல் வாரங்களில் முடிந்துவிடுகிறது. பொதுவாக 400 மைக்ரோகிராம் போதும், சர்க்கரை நோயோ வலிப்புக்கு மாத்திரையோ இருந்தால் 5 மில்லிகிராம் தருவார்கள்.

அடுத்தது, வீட்டில் இருக்கிற மாத்திரை டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். 25 வயதுப் பெண்ணிடம் மாத்திரை டப்பா இருக்காது, நம்மிடம் இருக்கும். பிரஷருக்கும் கொலஸ்ட்ராலுக்கும் வலிப்புக்கும் தருகிற மருந்துகளில் சில, கருவுக்கு ஆகாதவை. அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள், மாற்று மருந்து இருக்கிறது. கூடவே சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின், பிரஷர் எல்லாவற்றையும் ஒருதடவை பார்த்துவிடுங்கள்.

முயற்சி செய்கிறோம், தங்கவில்லை என்றால் எவ்வளவு நாள் காத்திருப்பது? 35-க்குக் கீழே ஒரு வருடம் என்பார்கள், 35-க்கு மேல் ஆறு மாதம், நாற்பது என்றால் காத்திருக்காமல் போய்விடுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், விந்துப் பரிசோதனைதான் இருப்பதிலேயே எளிது, ஆனால் அதைத்தான் கடைசியில் செய்வார்கள். செயற்கைக் கருத்தரிப்பு வரை போவதாக இருந்தால், 2021-ல் வந்த சட்டப்படி பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதுதான் வரம்பு.

கார்டில் இரண்டு கோடு வந்த வாரம்

கடைசி மாதவிலக்கின் முதல் நாள் எந்தத் தேதி என்று காலண்டரைப் பார்த்து எழுதி வையுங்கள். எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான். நாற்பதை ஒட்டிய வயதில் மாதவிலக்கு முன்பின்னாக வருவதால் இந்தத் தேதியை நம்ப முடியாமலும் போகலாம். அதனால் ஏழு, எட்டு வாரத்தில் எடுக்கிற முதல் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா, துடிப்பு இருக்கிறதா, ஒன்றா இரண்டா என்பதெல்லாம் அதில் தெரியும். இந்த வயதில் இயற்கையாகவே இரட்டைக் குழந்தை வாய்ப்பு கூடுகிறது என்பது எனக்கே ஸ்கேன் டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

அதே வாரத்தில் உங்கள் பகுதி கிராம அல்லது நகர சுகாதார செவிலியரிடம் பதிந்து, பிக்மி எண் என்கிற அரசின் கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்தாலும் இது வேண்டும், தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் பதியும்போது இந்த எண்ணைக் கேட்பார்கள். இணையத்தில் நீங்களே பதியலாம், இருந்தாலும் செவிலியர் அக்காவின் போன் நம்பர் கையில் இருப்பது பின்னால் பத்து விதத்தில் உதவும்.

கூடுதல் கவனம் தேவைப்படுகிற கர்ப்பம் என்பதற்கு அடையாளமாக, உங்கள் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டலாம். முதல் குழந்தை என்றால் கேஸ் ஷீட்டில் 'எல்டர்லி பிரைமி' என்று எழுதுவார்கள், அதாவது வயதான முதல் கர்ப்பிணி. தலையில் ஒரு நரைகூட இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது அதைப் படிக்கச் சுருக்கென்று இருக்கும். இருக்கட்டும். அந்த ஸ்டிக்கருக்கு ஒரு பயன் உண்டு, கூட்டத்தில் உங்களை முன்னால் கூப்பிடுவார்கள், பெரிய டாக்டர் பார்ப்பார். ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கென்று தனி இலவச முகாம் நடக்கிறது, அதில் சிறப்பு மருத்துவரைப் பார்க்கலாம்.

11-லிருந்து 14 வாரத்துக்குள்: இதைத் தவறவிடவே கூடாது

என்.டி. ஸ்கேனும், கூடவே எடுக்கிற டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும். 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்க வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் கணக்கு வராது. குழந்தையின் பிடரிப் பக்கம் தோலுக்கடியில் தேங்கியிருக்கிற நீரின் அளவைப் பார்த்து, உங்கள் வயதையும் ரத்த அளவுகளையும் சேர்த்து, டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் குறைபாட்டுக்கு வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள்.

வயதால் இது எவ்வளவு மாறுகிறது? தோராயமாகச் சொன்னால் 25 வயதில் 1250 பேரில் ஒருவருக்கு, 35-ல் 350-ல் ஒருவருக்கு, 40-ல் 100-ல் ஒருவருக்கு. ஏற்றம் பெரியதுதான். ஆனால் நாற்பதிலும் நூற்றில் 99 பேருக்கு அந்தக் குறைபாடு இல்லை, இதையும் சேர்த்தே படியுங்கள்.

ஸ்கேன் சென்டருக்கு ஆதார் நகல் எடுத்துக்கொண்டு போங்கள், படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்குவார்கள். ஆணா பெண்ணா என்று கேட்கவே கேட்காதீர்கள், 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதே சட்டம்தான் 35 வயதைத் தாண்டிய கர்ப்பிணிக்கு மரபணுப் பரிசோதனை செய்யலாம் என்று வெளிப்படையாக அனுமதிக்கிறது, ஆகவே எடுக்கச் சொன்னால் தயங்க வேண்டாம்.

இனி ரிப்போர்ட். எனக்கு வந்தது 1:140. கீழே சிவப்பு எழுத்தில் 'ஹை ரிஸ்க்'. கவுன்ட்டரில் இருந்த பெண் எதுவும் சொல்லாமல் கவரை நீட்டினார். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டே பிரித்துப் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சேர்ந்தது எப்படி என்றே தெரியாது. இரண்டு நாள் அழுதபிறகு டாக்டர் சொன்னார்: இதே ரிப்போர்ட் வந்த 140 பேரை வரிசையாக நிற்க வைத்தால் அதில் 139 பேருக்குக் குழந்தை சரியாக இருக்கும். பெரும்பாலான லேப்கள் 1:250-ஐ எல்லையாக வைத்திருக்கின்றன, வாய்ப்பு அதைவிடக் கூடுதலாக வந்தால் சிவப்பு மை, அவ்வளவுதான். இது சல்லடை, தீர்ப்பு இல்லை. உங்களுக்கு ரிப்போர்ட் வரும்போது தனியாக வாங்கப் போகாதீர்கள், போனாலும் டாக்டர் முன்னால்தான் பிரிப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

சிவப்பில் வந்தால் இரண்டு வழி. ஒன்று என்.ஐ.பி.டி., தாயின் கையில் ரத்தம் எடுத்து அதில் கலந்திருக்கிற குழந்தையின் டி.என்.ஏ. துணுக்குகளைப் பார்ப்பது. பத்து வாரத்திலிருந்து எடுக்கலாம், டவுன் சிண்ட்ரோமைப் பொறுத்தவரை மிக நம்பகமானது, ஆனால் இதுவும் சல்லடைதான், கொஞ்சம் மெல்லிய சல்லடை. விலை பத்தாயிரத்தைத் தாண்டும், லேபுக்கு லேப் வித்தியாசம் இருப்பதால் இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். இன்னொன்று ஆம்னியோசென்டெசிஸ், 15, 16 வாரத்தில் வயிற்றில் ஊசி செலுத்திப் பனிக்குட நீரை எடுத்துப் பார்ப்பது. உறுதியான பதில் இதில்தான் கிடைக்கும். கரு கலைகிற அபாயம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. நான் என்.ஐ.பி.டி. எடுத்தேன், நல்லபடியாக வந்தது, அத்தோடு விட்டுவிட்டேன். வேறொருவர் ஊசி போட்டு உறுதி செய்துகொண்டுதான் நிம்மதியாகத் தூங்கினார். எதுவும் எடுக்க மாட்டேன், எப்படி இருந்தாலும் என் பிள்ளை என்பதும் ஒரு முடிவுதான். யோசித்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும், வாரம் தாண்டிப்போனதால் வாய்த்த முடிவாக இருக்கக் கூடாது.

அதே வாரங்களில் ஒரு சின்ன மாத்திரை

ஆஸ்பிரின். இதய நோயாளிக்குக் கொடுப்பதாயிற்றே என்று பயப்பட வேண்டாம். கர்ப்ப காலத்தில் வருகிற கடும் ரத்த அழுத்தத்தை ஓரளவு தடுக்கச் சிறிய அளவில், பெரும்பாலும் 75 முதல் 150 மில்லிகிராம் வரை, இரவில் போடச் சொல்வார்கள். 12 வாரத்தில் தொடங்க வேண்டும், 16 வாரத்துக்குப் பிறகு தொடங்கினால் பலன் குறைவு. வயதோடு முதல் கர்ப்பம், உடல் பருமன், இரட்டைக் குழந்தை, முந்தைய பிரசவத்துக்குப் பின் பத்து வருட இடைவெளி இவற்றில் ஒன்று சேர்ந்தால் பொதுவாகத் தருவார்கள். ஏற்கெனவே பிரஷரோ சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால், மாத்திரை தர அது ஒன்றே போதுமான காரணம். நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள், ஆனால் "எனக்கு ஆஸ்பிரின் வேண்டுமா டாக்டர்?" என்று நீங்களாகக் கேளுங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, நான்தான் கேட்டேன்.

எந்த ஆஸ்பத்திரி

நான் முதலில் போன இடத்தில் வயதைக் கேட்டதும், பிரஷர்கூடப் பார்க்காமல், "இந்த வயசுல எதுக்கும்மா ரிஸ்க், சிசேரியன்தான், தேதி குறிச்சிட்டு வந்துடுங்க" என்றார்கள். அப்போது எனக்கு 11 வாரம். அடுத்த நாளே இடம் மாற்றிவிட்டேன்.

விசாரிக்க வேண்டியது மூன்று. நள்ளிரவு இரண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் அங்கேயே இருப்பாரா, அல்லது போன் போட்டு வரவழைப்பார்களா? ரத்தம் உள்ளேயே கிடைக்குமா, அல்லது உங்கள் வீட்டுக்காரர் பைக்கில் அலைய வேண்டுமா? பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உண்டா? ஏசியும் டிவியும் வாசலில் பிள்ளையார் சிலையும் இந்த மூன்றுக்கு ஈடாகாது. அரசுத் தரப்பில் சீமாங் மையம் என்று கேளுங்கள். 24 மணி நேரமும் அவசரப் பிரசவம், அறுவை சிகிச்சை, பச்சிளங்குழந்தைக் கவனிப்பு எல்லாம் சேர்ந்தது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கூட்டம் இருக்கும், படுக்கை ஓரத்தில் சுத்தம் குறையும், ஆனால் சிக்கலான கேஸைத் தினமும் பார்க்கிற கைகள் அங்கேதான் இருக்கின்றன.

குளுக்கோஸ் தண்ணீர்

கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனை இது. முதல் தடவை போகும்போதே ஒருமுறை, 24-லிருந்து 28 வாரத்துக்குள் மறுமுறை. 75 கிராம் குளுக்கோஸை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கித் தருவார்கள், ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 வந்தால் கர்ப்பகால சர்க்கரை. வெறும் வயிற்றில்தான் வர வேண்டும் என்கிற கட்டாயம் இல்லாத இந்த முறையை நாடு முழுக்கக் கொண்டுபோனதில் சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் பங்கு பெரியது. பஸ் பிடித்து வருகிற கர்ப்பிணியைப் பட்டினியோடு காக்க வைக்காத முறை.

குடிப்பதுதான் சிரமம். பாயசத்தைவிட இரண்டு மடங்கு இனிப்பு, பாதி டம்ளரிலேயே தொண்டைக்கு வந்துவிடும். செவிலியரைக் கேட்டுவிட்டு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள், மின்விசிறிக்குக் கீழே உட்காருங்கள், இரண்டு மணி நேரமும் அலையாதீர்கள். அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் வந்து மறுபடி குடிக்க வேண்டும்.

சர்க்கரை வந்துவிட்டால் அது நீங்கள் இனிப்பு சாப்பிட்ட குற்றம் இல்லை, வயதுக்கும் பரம்பரைக்கும் அதில் பங்கு உண்டு. வெறும் வயிற்றில் 95-க்கும் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்கும் கீழே வைக்கச் சொல்வார்கள். "ரெண்டு பேருக்குச் சேத்துச் சாப்பிடு" என்பதை முதலில் வீட்டில் நிறுத்த வேண்டும். எனக்கு உதவியது தட்டை மாற்றியதுதான்: பெரிய சாப்பாட்டுத் தட்டுக்குப் பதில் டிபன் தட்டு, பாதி தட்டில் பொரியல், ஒரு கரண்டி சாதம், நிறையப் பருப்பு அல்லது முட்டை. மூன்று வேளையை ஆறாகப் பிரித்து இடையில் சுண்டல். ஜூஸ், கஞ்சி, குங்குமப்பூ போட்டுச் சர்க்கரை கலந்த பால் மூன்றும் கிடையாது. சாப்பிட்டு முடித்துக் கால் மணி நேரம் மாடியிலேயே நடை. இதில் அடங்காவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ, பயப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். வளைகாப்பில் ஏழு வகைச் சாதத்தோடு நிற்கிற அத்தைமார்களைச் சமாளிக்க வழி, வீடியோவுக்காக ஆளுக்கு ஒரு பருக்கை ஊட்டச் சொல்வதுதான்.

இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போட்டால் வீண். கால்சியத்தையும் அதோடு சேர்த்துப் போடக் கூடாது, ஒன்று காலை என்றால் மற்றொன்று வேறு வேளை.

ஐந்தாம் மாத ஸ்கேன்

குழந்தையின் உறுப்புகளில் குறை ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிற அனாமலி ஸ்கேன், 18-லிருந்து 20 வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். 22-ஐ ஒட்டிப் போகாதீர்கள் என்பதற்குக் காரணம் சட்டம். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தோடு கருக்கலைப்பு செய்யலாம், 24 வரை குறிப்பிட்ட சில காரணங்களுக்கு இரண்டு டாக்டர்கள், அதற்கு மேல் குழந்தைக்குக் கடுமையான குறைபாடு இருந்தால் மட்டும் மருத்துவ வாரியம். பிரச்சினை ஏதும் தெரிந்தால் யோசிக்க அவகாசம் வேண்டும் அல்லவா. நஞ்சுக்கொடி கீழே இருக்கிறதா என்பதையும் இதில் பார்ப்பார்கள், வயது கூடக் கூட அதற்கும் வாய்ப்பு அதிகம்.

ஏழாம் மாதத்துக்கு மேல்

வீட்டில் ஒரு பிரஷர் மிஷின் வாங்கி வையுங்கள், கையில் சுற்றுகிற வகை. 140/90 வந்தால் சற்று உட்கார்ந்துவிட்டு மறுபடி பாருங்கள், அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே டாக்டர். 160/110 என்றால் எந்த நேரமானாலும் 108. எண் எதுவாக இருந்தாலும் விடாத தலைவலி, கண் மங்கல், பூச்சி பறப்பது போல் தெரிதல், மேல்வயிற்று வலி, திடீரென்று முகம் வீங்குதல் இவற்றுக்கு இஞ்சிக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். மேல்வயிற்று வலியை வாயுத் தொல்லை என்று நினைத்து ஏமாறுவது சகஜம்.

குழந்தையின் அசைவை 28 வாரத்துக்குப் பிறகு தினமும் கவனியுங்கள். சாப்பிட்டபின் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு தெரிய வேண்டும். வழக்கத்தைவிடக் குறைந்தது என்று பட்டால், "காலைல பாத்துக்கலாம்" என்று படுக்காதீர்கள், கிளம்புங்கள். ஒன்றும் இல்லை என்றோ, வலி எடுத்துப் போனால் வெறும் சூட்டு வலி என்றோ திருப்பி அனுப்பினால் அதில் வெட்கம் இல்லை, நான் இரண்டு தடவை திரும்பி வந்தேன்.

சுகப்பிரசவமா, சிசேரியனா

வயதை மட்டும் வைத்து சிசேரியன் கட்டாயம் என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நூறு பிரசவத்தில் ஏறத்தாழ 45 சிசேரியன், தனியாரில் மட்டும் பார்த்தால் 60-ஐத் தாண்டியது. அத்தனையும் தேவைப்பட்டதுதான் என்று நான் நம்பவில்லை. அதே சமயம் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு விஷயம் உண்மை: 39 வாரத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகிற அபாயம், இருபதுகளில் இருப்பவருக்கு 41 வாரத்தில் இருக்கிற அளவுக்கு வந்துவிடுகிறது. ஆயிரத்தில் இரண்டு என்கிற அளவுதான், ஆனாலும் அதனால்தான் 39, 40 வாரத்தில் மருந்து கொடுத்து வலி வரவழைக்கலாம் என்பார்கள். "தானா வலி வரட்டும், நல்ல நட்சத்திரம் வரட்டும்" என்று டியூ டேட்டைத் தாண்டிக் காத்திருப்பது நமக்கு ஆகாது. 36 வாரத்தில் டாக்டரிடம் இதை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பணமும் விடுப்பும்

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியில் முதல் இரண்டு பிரசவத்துக்கு மொத்தம் 18,000 ரூபாய், அதில் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். ஏழைக் குடும்பங்களுக்கானது. தவணை விதிகள் அவ்வப்போது மாறுவதால் செவிலியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், சீக்கிரம் பதிந்தவர்களுக்குத்தான் சிக்கல் குறைவு. தனியார் வேலையில் முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரச் சம்பள விடுப்பு சட்டப்படி உண்டு, அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். தமிழ்நாடு அரசின் நிரந்தர ஊழியர்களுக்கு 12 மாதம்.

குழந்தை பிறந்தபின்

தாய் வீட்டுக்குப் போவது வழக்கம், சரி. ஆனால் உங்களுக்கு 40 என்றால் அம்மாவுக்கு 65, 70. என் அம்மா வெந்நீர் அண்டாவைத் தூக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டார், பிள்ளை பெற்றவள் எழுந்து அம்மாவுக்குத் தைலம் தேய்த்தேன். எட்டாம் மாதத்திலேயே ஆளுக்கு ஏற்பாடு செய்யுங்கள், கணவருக்கு ராத்திரி டயப்பர் மாற்றத் தெரிய வேண்டும்.

பிரசவத்தோடு பிரஷர் போய்விடுவதில்லை, முதல் வாரத்தில் புதிதாகக்கூட ஏறும். வீட்டு மிஷினை எடுத்து உள்ளே வைக்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைச்சதை வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. அந்த அபாயத்துக்காகத்தான் எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். "பச்ச உடம்பு, படுத்தே கிட" என்று அன்பாகச் சொல்பவர்களுக்குத் தலையாட்டிவிட்டு நடங்கள். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கிற வழக்கமும் வேண்டாம். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் கருப்பட்டி போட்டுக் கிண்டிய பிரசவ லேகியத்தை நாக்கில் தொட்டுக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த வயதில் இனி எங்கே தங்கப்போகிறது என்று அசட்டையாக இருந்து மூன்றே மாதத்தில் மறுபடி கார்டு வாங்கியவர்கள் உண்டு. காப்பர் டி பற்றி டிஸ்சார்ஜுக்கு முன்பே பேசிவிடுங்கள்.

ஆறாவது வாரம் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிப்போகும்போது, சர்க்கரை இருந்தவர்கள் அந்தக் குளுக்கோஸ் தண்ணீரை இன்னொரு தடவை குடிக்க வேண்டும், இந்தத் தடவை வெறும் வயிற்றில். ஊசி போட்ட பிள்ளை வீரிட்டு அழும், இரண்டு மணி நேரம் உட்கார முடியாது என்று முக்கால்வாசிப் பேர் திரும்பிவிடுவார்கள். ஊசிக்கு முன்னால் வேறொரு நாள், பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போங்கள். நான் அப்படித்தான் போனேன். அந்த இரண்டு மணி நேரமும் பெஞ்சில் சாய்ந்து நன்றாகத் தூங்கினேன், ரத்தம் எடுக்க எழுப்ப வேண்டியிருந்தது.